நின்றபடி எடுத்த படம்

பிப்ரவரி 17, திங்கள்

காலையில் பனி. வண்டியை நிறுத்தி நிறுத்திக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. ஆலையில் அரைநாள் அனுமதி. மஞ்சுளாவை எக்ஸ்ரேக்குக் கூட்டிப் போனேன். இரண்டு முழங்காலும். டாக்டர் சீட்டில் "நிற்க வைத்து" என்று எழுதி அடியில் கோடு.

ஸ்கேன் சென்டரில் கூட்டம். வரிசையில் நின்றதிலேயே அவளுக்குக் கால் நடுக்கம் வந்துவிட்டது. படம் எடுக்கும் பெண் சின்னவள். பெயர் பவித்ரா என்று சட்டையில்.

"அக்கா, இந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நேரா நில்லுங்க."

மஞ்சுளாவால் ஆடாமல் நிற்க முடியவில்லை. நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், படுக்க வைத்து எடுக்கச் சொன்னேன்.

"டாக்டர் நிக்க வெச்சு எழுதியிருக்காரு சார்."

"ஆடுற பொருள எடுத்தா படம் கலங்கிடும். ஆலையில எனக்கு இதான் வேலை. தினமும் உலோகத்த உருக்கி வார்த்த காஸ்டிங்க எக்ஸ்ரே எடுத்து உள்ள ஓட்டை இருக்கா, கீறல் இருக்கான்னு பாக்கறவன் நான். உனக்குத் தெளிவான படம் வேணுமா, வேணாமா?"

அவள் மஞ்சுளாவைப் பார்த்தாள், வெளியே வரிசையைப் பார்த்தாள், படுக்க வைத்து எடுத்துவிட்டாள்.

படம் அருமை. எலும்பின் விளிம்பு கத்தி மாதிரி. எங்கள் ஆலையில் இப்படி ஒரு படம் வந்து நாளாயிற்று.

குரல் கொஞ்சம் கூடிப்போனது. அந்தப் பெண் என்ன செய்தாள் பாவம். சதீஷ் மேல் இருந்த எரிச்சல். எனக்குக் கீழே வேலை கற்றவன், இன்று எங்கள் தரச் சோதனைப் பிரிவுக்குத் தலைவன். காலையில் அனுமதி கேட்டதும், "மறுபடியுமா சார்?"

வாங்க வேண்டியது: கோதுமை மாவு, வெற்றிலை, பல்பு.

பிப்ரவரி 18, செவ்வாய்

படத்தை ஆலைக்கு எடுத்துப் போனேன். மதியம் எல்லோரும் கேன்டீனில் இருந்தபோது எங்கள் வெளிச்சப் பெட்டியில் செருகிப் பார்த்தேன்.

கீறல் இல்லை. ஓட்டை இல்லை. இரண்டு எலும்புக்கும் நடுவில் இடைவெளி சீராக. ஓரங்களில் மட்டும் சின்னச் சின்ன முனைகள். காஸ்டிங்கில் அச்சு சேருமிடத்தில் நிற்குமே, அந்தப் பிசிறு மாதிரி. பிசிறைத் தேய்த்து எடுத்துவிடுவோம். அதற்காக ஒரு பொருளைத் தள்ளுபடி செய்வதில்லை.

மஞ்சுளாவுக்குப் போன் போட்டேன். படம் சுத்தம் என்றேன்.

"அப்ப ஏன் வலிக்குது?"

"வயசு. எடை. நடந்தா சரியாகும்."

பிறகு, "சாயந்தரம் வர்றப்ப தயிர் வாங்கிட்டு வாங்க."

வியாழன் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஞாயிறு தங்கை செல்வியின் பிள்ளைக்கு மலைக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் சீர் என்னுடையது. வேலை தலைக்கு மேல். டாக்டர் அப்புறம்.

உண்மையை எழுதுவதானால், அந்த டாக்டரைப் பிடித்துக் கொடுத்தவன் முனிராஜ், மஞ்சுளாவின் தம்பி. அவன் ஏற்பாட்டில் போய் உட்கார மனமில்லை. எங்கள் கல்யாணப் பந்தியில் யாரிடமோ, "மாப்பிள்ள நல்லா படிச்சவரு, சம்பளந்தான் படிப்புக்கு ஏத்த மாதிரி இல்ல" என்றவன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். இன்னும் பசிக்கிற மாதிரியே இருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

டாக்டரிடம் போகவில்லை. சாயங்காலம் முனிராஜ் போன்.

"மாமா, அக்கா வரலன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க."

"படத்துல ஒண்ணும் இல்ல."

"நீங்க பாத்தீங்களா, டாக்டர் பாத்தாரா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அவனிடம் வேறெப்படிப் பேசுவது.

சீர்: வேட்டி சட்டை, பிள்ளைக்குப் பட்டு, தேங்காய், பழம், வெல்லம், கடுக்கன் (பத்தரிடம், நாளை), பூ சனி மாலை.

மஞ்சுளா தட்டுகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே, கட்டிலில் உட்கார்ந்தபடி: "கோயிலுக்கு மேல வரைக்கும் ரோடு இருக்கே. நான் மட்டும் ஆட்டோல வந்துடட்டுமா?"

சீர் வரிசை அடிவாரத்திலிருந்து மேளத்தோடு படியேறும். மாமன் முன்னால், மாமன் பெண்டாட்டி தட்டோடு பக்கத்தில். அவள் மட்டும் ஆட்டோவில் போய் மேலே இறங்கினால் செல்வியின் மாமியார் சும்மா இருப்பாளா.

"கால்ல ஒண்ணும் இல்லன்னு படத்துலயே இருக்குதே மஞ்சு" என்றேன்.

"சரிங்க."

அவள் "சரிங்க" என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சரி என்று அர்த்தம் இல்லை. தெரிந்துதான் எழுந்து போனேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கை வலிக்கிறது, பிள்ளையை இறுக்கிப் பிடித்ததில். ஆனால் எழுதிவிட வேண்டும்.

படி ஏற ஆரம்பித்தபோதே வெயில். அவள் தட்டில் தேங்காயும் வெல்லமும், பாரமான தட்டு. நான்தான் அதைக் கொடுத்தேன். மற்றது எல்லாம் வேறு பெண்கள் எடுத்துவிட்டார்கள். பாதி வழியில் மண்டபம் தாண்டி அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேளக்காரர்கள் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் நின்றார்கள்.

குனிந்து அவள் காதில் சொன்னேன்: "எல்லாரும் பாக்கறாங்க. எந்திரி."

எழுந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் முழங்காலை அமுக்கிக்கொண்டு, தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. மேளம் மறுபடி.

காது குத்தும்போது பிள்ளை என் மடியில் அலறியது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தூணோரம் அவள் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

இறங்கும்போது அவளால் நேராக இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக, நடை பழகும் குழந்தை படியில் இறங்குவது போல. செல்வி ஓடி வந்து தாங்கிப் பிடித்தாள்.

"அண்ணி ஆட்டோல வந்திருக்கலாமேண்ணா. யாரு என்ன சொல்லப் போறாங்க?"

அவள் மாமியாரும், "அதானே, ஏன் இப்படி இழுத்துட்டு வந்த?" என்றாள். என்னைப் பார்த்து.

வீட்டுக்கு வந்தபோது வலது முழங்கால் தேங்காய் அளவு. கழிவறையில் கீழே உட்கார முடியவில்லை. கதவுக்கு வெளியே நின்று அவள் அழுவதைக் கேட்டேன். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள், எனக்குக் கேட்கக் கூடாதென்று.

பிப்ரவரி 24, திங்கள்

லீவு. சதீஷ் "சரி" என்று ஒரே சொல் அனுப்பினான். போகட்டும்.

முனிராஜுக்கு அவள்தான் போன் செய்திருக்கிறாள். கெலமங்கலத்திலிருந்து காரில் வந்தான். தன் ரோஜாத் தோட்டத்து மண் ஒட்டிய செருப்போடே உள்ளே வந்து, அக்காவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினான். நான் பையையும் படத்தையும் எடுத்துக்கொண்டு பின்னால்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டியதுமே:

"படுக்க வெச்சு எடுத்திருக்காங்களே. நிக்க வெச்சுன்னு எழுதி கோடே போட்டிருந்தேனே."

"எவன் எடுத்தான்?" என்றான் முனிராஜ்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம். வாய் திறக்கவில்லை. அவன் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

மஞ்சுளா சொன்னாள்: "நான்தாங்க டாக்டர். நிக்க முடியல, படுத்துக்கறன்னு கேட்டன். அந்தப் பொண்ணு பாவம் பாத்து எடுத்துச்சு."

என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அங்கேயே நிற்க வைத்து மறுபடி எடுத்தார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவு வழியாக அவள் குரல் கேட்டது. டாக்டர் புதுப் படத்தைப் பழையதற்குப் பக்கத்தில் மாட்டினார். அதே கால், ஒரே வாரம். உள்பக்கத்தில் இடைவெளியே இல்லை. மேல் எலும்பு கீழ் எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பு மட்டும். நடுவில் இருக்கும் குருத்தெலும்பு தெரியாது. அதனால் இடைவெளியை வைத்துத்தான் அது எவ்வளவு மிச்சம் என்று கணக்கிட வேண்டும். படுத்தால் உடம்பின் பாரம் இல்லை, எலும்புகள் விலகி இடம் இருப்பது போலக் காட்டும். நின்றால்தான் உண்மை.

பாரம் ஏற்றாமல் எதையும் சோதித்ததாகச் சொல்லக் கூடாது என்று எங்கள் ஆலையில் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவன் நான்.

"ஓரத்துல பாருங்க, எலும்பு முளைச்சிருக்கு. இது படுத்த படத்துலயே இருக்குதே. இத ஒண்ண வெச்சே தேய்மானம்னு சொல்லியிருக்கலாம். யாரும் பாக்கலையா?"

பிசிறு. யாரும் பார்க்கவில்லை டாக்டர். நான்தான் பார்த்தேன். இதையும் சொல்லவில்லை.

வீக்கத்துக்கு வேறொரு ஸ்கேன், வயிற்றில் குழந்தை பார்ப்பார்களே அதுபோல, ஜெல் தடவி. திரையில் கறுப்பாகத் தெரிந்தது நீர். அதைப் பார்த்துக்கொண்டே ஊசி விட்டு உறிஞ்சினார். மஞ்சுளா முனிராஜின் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கை பக்கத்தில்தான் இருந்தது.

எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்றேன். எவ்வளவு ஆனாலும் சரி என்றேன்.

"எதுக்கு சார்? இந்த வயசுல யாருக்கு எடுத்தாலும் ஜவ்வுல ஏதாவது கிழிசல் காட்டும். அதனால வைத்தியம் மாறாது. கால் திடீர்னு நீட்ட முடியாம மாட்டிக்கிட்டா, நடக்கறப்ப மடிஞ்சா, அப்பப் பாக்கலாம். படத்துக்கு நான் வைத்தியம் பண்றதில்ல. சிலருக்குப் படம் மோசமா இருக்கும், ஆளு மாடி ஏறி வருவாங்க. இவங்களால என்ன முடியுது, என்ன முடியலன்னு இவங்க சொல்லணும்."

அப்புறம் அவளிடம் கேட்டார். அவள் சொன்னாள். காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கிறாளாம். கட்டிலில் உட்கார்ந்துதான் சேலை கட்டுகிறாளாம். மாடித் துணியை எடுக்கக் கீழ்வீட்டுப் பெண்ணை அனுப்புகிறாளாம். இது எல்லாம் என் வீட்டில் நடந்திருக்கிறது.

மலை ஏறியதால்தான் இப்படி ஆனதா என்று கேட்டேன். தேய்மானம் பல வருஷத்தது, ஏறியதில் வலியும் வீக்கமும் கிளம்பிவிட்டது என்றார். இது எனக்கு ஆறுதலா இல்லையா என்று பார்த்தேன். இல்லை.

மாத்திரை, ஐஸ், தொடைக்குப் பயிற்சி, எடை குறைப்பு, ஊன்றுகோல். அறுவை இப்போது வேண்டாம், வலி சொல்லட்டும் என்றார்.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. மலை மேலிருந்து ஒலிபெருக்கி. ஜன்னலைச் சாத்தினேன்.

வீக்கம் பாதி. வலது காலுக்கு இடது கையில் ஊன்றுகோல். நேர்மாறாகத் தோன்றியது. பிடித்துப் பார்த்தால் அதுதான் பாரத்தைக் குறைக்கிறது.

முனிராஜ் போன். "அந்த சென்டர் ஓனர் நமக்குப் பழக்கந்தான் மாமா, விசேஷத்துக்கெல்லாம் நம்ம பூதான் போகுது. விடமாட்டன்."

"உங்க அக்காதானே படுத்துக்கறன்னு கேட்டா" என்றேன். சொன்ன நாக்கை என்ன செய்வது.

"கேட்டா? டாக்டர் எழுதினத மதிக்க வேணாமா அந்தப் பொண்ணு? இவங்கள எல்லாம் யாரு வேலைக்கு வெக்கறது?"

"விடு முனிராஜ்."

"நீங்க விடுவீங்க. எனக்கு அவ அக்கா."

மஞ்சுளாவிடம் கேட்டேன், டாக்டரிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"அவன வெச்சுக்கிட்டு வேற என்ன சொல்லச் சொல்றீங்க? ஏற்கனவே உங்க ரெண்டு பேருக்கும் ஆகாது."

"அந்தப் பொண்ணு?"

"அதத்தான் நானும் பாத்துக்கிட்டு இருக்கன்" என்றாள். என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

ஆலைக்குப் போனேன். வெளிச்சப் பெட்டியில் வரிசையாகப் படங்கள். எதிலும் கை ஓடவில்லை. ஓரத்தில் பிசிறு இருந்த ஒன்றைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்ததில் சதீஷ் வந்து, "என்ன சார், சந்தேகமா? நல்லாத்தானே இருக்கு" என்றான். தன்மையாகத்தான் கேட்டான். அதற்கும் கோபம் வந்தது.

மாலை ஸ்கேன் சென்டர் எதிரில் வண்டியை நிறுத்தினேன். டீ குடித்தேன். வேண்டாத இன்னொரு டீ. அந்தப் பெண் வெளியே வந்து, டிபன் பையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். பக்கத்தில் ஒரு பெண்ணிடம், "நாளைக்கு நான் சீக்கிரம் வந்துடறன், நீ உங்க அம்மாவ பாரு" என்றாள். தேன்கனிக்கோட்டை பஸ் வந்தது. ஏறிப் போனாள்.

பேசவில்லை. கழிவறையில் போடும் நாற்காலியைக் கடையில் விசாரித்தேன். ஸ்டாக் இல்லை. முழங்கால் பட்டை மட்டும் வாங்கினேன். அளவு தப்பு.

மார்ச் 1, சனி

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. மின்விசிறியைத் துடைத்தேன்.

மஞ்சுளா கட்டிலில் காலை நீட்டிப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு, அதை அழுத்த வேண்டும். போன் அடித்தது. கை ஈரம், ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, நேத்தே ஓனர்கிட்ட பேசிட்டன். திங்கக்கிழமை வந்து கணக்க முடிச்சுக்கட்டும், அந்தப் பொண்ணு வேணாம்னுட்டாரு."

மஞ்சுளா துண்டை அழுத்துவதை நிறுத்தினாள்.

"இப்ப நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"என்னாக்கா?" என்றான் முனிராஜ்.

சொன்னேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அந்தப் பொண்ணு நிக்க வெச்சுதான் எடுக்க வந்துச்சு. நான்தான் சத்தம் போட்டுப் படுக்க வெக்கச் சொன்னன். உங்க அக்கா எதுவும் கேக்கல. படத்துல ஒண்ணும் இல்லன்னு சொன்னதும் நான்தான். மலைக்கு நடந்து வரச் சொன்னதும் நான்தான்."

அந்தப் பக்கம் தோட்டத்து மோட்டார் ஓடும் சத்தம்.

"டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"நீ இருந்த."

"நான் இருந்தா என்ன?"

இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்தது எல்லாம் இருந்தது, அந்தக் கேள்விக்குப் பதிலாக எடுத்து நீட்ட ஒன்றும் இல்லை. அவன் போனை வைத்துவிட்டான்.

மஞ்சுளா துண்டை மறுபடி அழுத்த ஆரம்பித்தாள். "தயிர் இல்ல" என்றாள். போய் வாங்கி வந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

முனிராஜ் வந்தான். காரிலிருந்து தக்காளிக் கூடை ஒன்று, கழிவறை நாற்காலி ஒன்று. நான் தேடிக் கிடைக்காதது. அவனே கழிவறைக்குள் போய்ப் பொருத்தி, தன் பாரத்தை வைத்து உட்கார்ந்து ஆட்டிப் பார்த்து வெளியே வந்தான். என்னிடம் பேசவில்லை.

அக்காளும் தம்பியும் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டு வழக்கம். எனக்குப் புரியக் கூடாதென்று பேசுகிறார்கள் என்று இத்தனை காலம் மனதில் வைத்திருந்தேன். இன்று நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன், எல்லாம் புரிந்தது. ரொம்ப நாளாகவே புரியும்.

அந்த ஆளுக்காக நீ ஏன் பொய் சொன்னாய், எதற்கு மூடி வைத்தாய் என்று அவன் கேட்டான்.

மூடி வைக்கவில்லை, அவர் வாயிலிருந்தே வரட்டும் என்று விட்டேன், வரவில்லை என்றால் நானே திங்கட்கிழமை போயிருப்பேன் என்றாள்.

இந்தக் காலோடயா?

இந்தக் காலோடதான்.

டீயைக் கொண்டு போய் வைத்தேன். சர்க்கரை குறைவு என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், குடித்தான். கிளம்பும்போது, "ஓனர்கிட்ட நான் பேசிக்கறன் மாமா" என்றான்.

"வேணாம். நானே போறன்."

"அந்தப் பொண்ண வெச்சுக்கிட்டு சொல்லணும்."

"ம்."

"நானும் தப்பா பேசிட்டன் அவர்கிட்ட. அதையும் சொல்லிடுங்க."

இந்த மனிதன் இப்படிப் பேசுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது, எழுதிவிடுகிறேன்.

மார்ச் 3, திங்கள்

பனி இல்லை. சதீஷிடம் நேராகவே சொன்னேன், ஒரு மணி நேரம் வேண்டும், சொந்த வேலை, என் தப்பு ஒன்றைச் சரி செய்ய வேண்டும் என்று. "போயிட்டு வாங்க சார்" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஸ்கேன் சென்டரில் ஓனர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிடச் சொன்னேன். வந்தாள். கண் வீங்கியிருந்தது. வேலை போகும் விஷயம் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வெள்ளியிலிருந்து திங்கள் வரை ஒரு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். படுக்க வைக்கச் சொன்னது நான், இந்தப் பெண் மறுத்தார், நான் சத்தம் போட்டேன், என் மனைவியின் தம்பிக்கு இது தெரியாது.

ஓனர், "அட, இதுக்கா சார், விடுங்க" என்றார். அவளிடம் திரும்பி, "நீயும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே சார். வெள்ளிக்கிழமையே சொன்னன்."

அவர் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "சரி, போய் வேலையப் பாரு" என்றார்.

அவள் என்னிடம், "அக்காவுக்கு எப்படி இருக்கு இப்ப?"

"வீக்கம் இறங்கியிருக்கு. கோல் வெச்சு நடக்கறா."

தலையாட்டினாள். "மறுபடி படம் எடுக்க வந்தா நீங்க வெளிய உக்காந்துக்குங்க சார். நான் பிடிச்சு நிக்க வெச்சுக்கறன்."

"சரிம்மா."

"அடுத்து யாரு?" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டாள். கதவு சாத்தியது.

வெளியே வந்து வண்டி மேல் உட்கார்ந்தேன். மஞ்சுளா போன்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டன்."

"நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?"

"நின்னுக்கிட்டுதான்."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் "ஸ்ஸ்" என்று நின்றது. காலை அசைத்துவிட்டாள் போலிருக்கிறது.